தொண்டையைப் பாருங்கள்: கொமோடோ உடும்பும் கடற்பீச்சியும்

டைவ் அடிப்பவர்:

இந்தோனேசியாவின் கொமோடோ தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் உடும்பைப் பார்க்காமல் திரும்புவதில்லை. தண்ணீருக்குள் இறங்குபவர்கள் மான்டா திருக்கை, சுறா, ஆமை என்று எண்ணிக்கொண்டு வருவார்கள். பாறையில் ஒட்டிக்கொண்டு, கடல்நீரை இழுத்து வடிகட்டித் தின்றபடி சும்மா இருக்கும் கடற்பீச்சியை (சீ ஸ்குவர்ட்) மட்டும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கண்ணில் பட்டாலும் 'ஏதோ பஞ்சு' என்று தாண்டிப் போய்விடுவார்கள். அந்தப் பூங்காவில் முதுகெலும்பில்லாமல் வாழும் அத்தனை உயிர்களிலும் உடும்புக்கு மிக நெருங்கிய சொந்தம் அதுதான். நண்டும் இல்லை, கணவாயும் இல்லை, நட்சத்திர மீனும் இல்லை.

இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வசதியான இடம் ரின்ச்சா தீவின் தெற்குமுனை. ஹார்ஸ்ஷூ பே என்று வெளியூர்க்காரர்கள் சொல்லும் லோ தசாமி விரிகுடா. காலையில் கரையோர மணலில் உடும்பு நடப்பதைப் படகிலிருந்தே பார்க்கலாம். அதே விரிகுடாவுக்குள் கேனிபல் ராக் (தன்னினம் தின்னிப் பாறை) என்ற நீரடிப் பாறை இருக்கிறது. பக்கத்துக் கரையில் ஒரு கொமோடோ இன்னொரு கொமோடோவைத் தின்றதைப் பார்த்துத்தான் அந்தப் பெயர் வைத்தார்கள் என்று டைவ் படகுகளில் சொல்வார்கள். பாறையின் உடம்பில் ஒரு சாண் இடம்கூட வெறுமையாக இராது. மென்பவளம், இறகு நட்சத்திரம், கடல் ஆப்பிள், நடுநடுவே கடற்பீச்சிகள்.

தெற்கில் இவ்வளவு நெருக்கமாக இருப்பதற்குக் காரணம் தண்ணீர். வடக்கே ஃபுளோரஸ் கடல் பக்கம் 27, 28 டிகிரி வெப்பத்தில் கண்ணாடி மாதிரி இருக்கும். தெற்கே ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலெழும்பி வருகிறது. ஜூலை, ஆகஸ்டில் 22 டிகிரிவரை இறங்கும். மிதவையுயிர்கள் நிறைந்து நீர் பச்சையாகக் கலங்கியிருக்கும், பத்து மீட்டருக்கு அப்பால் தெரியாது. படம் எடுப்பவர்கள் சலித்துக்கொள்ளும் அந்தக் கலங்கல்தான் கடற்பீச்சிக்குச் சாப்பாடு. 5 மில்லிமீட்டர் உடுப்பும் தலைமூடியும் இல்லாமல் தெற்கில் இறங்காதீர்கள். குளிரில் நடுங்கிக்கொண்டு பாறையில் ஒரே இடத்தில் நின்று பார்க்க முடியாது. நின்று பார்க்காவிட்டால் கடற்பீச்சி ஒன்றும் காட்டாது.

நவம்பரிலிருந்து மார்ச்வரை தெற்குக் கரை ஓரளவு அமைதியாக இருக்கும். வருடத்தின் நடுவில் தென்கிழக்குக் காற்றில் அலை தூக்கும், பல படகுகள் அந்தப் பக்கமே போகா.

தரை வழி தெரிந்தவர்:

சொந்தம் இருக்கட்டும், முதலில் பத்திரமாகப் பார்ப்பது எப்படி என்று பேசிவிடுவோம்.

உள்ளூரில் இதற்கு 'ஓரா' என்று பெயர். டிராகன் என்பது வெளிநாட்டார் சூட்டியது. போகோர் அருங்காட்சியகத்தின் பீட்டர் ஓவன்ஸ் 1912இல் அறிவியல் பெயரோடு எழுதிய பிறகு அது உலகம் முழுக்கப் பரவியது. உண்மையில் இது நம் ஊர் உடும்பின் இனம்தான், வரானஸ். வளர்ந்த ஆண் இரண்டரை மீட்டர் சாதாரணமாக வரும், மூன்று மீட்டர் அபூர்வம். காட்டில் வாழ்வதன் எடை 70 கிலோ இருந்தாலே பெரியது. இணையத்தில் உலவும் 150 கிலோ கதைகளில் வயிற்றுக்குள் கிடக்கும் மானையும் சேர்த்து நிறுத்திருப்பார்கள். ஒரே வேளையில் தன் எடையில் 80 சதவீதம்வரை தின்னக்கூடிய விலங்கு இது.

சுற்றுலாவாகப் போகிறவர்கள் இறங்கும் இடங்கள் இரண்டு: கொமோடோ தீவில் லோ லியாங், ரின்ச்சாவில் லோ புவாயா. லோ புவாயாவில் இப்போது தரையிலிருந்து உயர்த்திய நடைபாதை போட்டிருக்கிறார்கள். மேலிருந்து பார்ப்பது பாதுகாப்பு, ஆனால் உடும்பின் முகம் தெரியாது, முதுகுதான் தெரியும். ரேஞ்சரோடு காட்டுப் பாதையில் நடந்தால்தான் கண் மட்டத்தில் பார்க்கலாம். காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் போய்விடுங்கள். இரவின் குளிர் போக வெயில் காய்ந்துகொண்டிருக்கும். பத்தரைக்கு மேல் நிழலில் மரக்கட்டை போல் விழுந்துகிடக்கும். ரேஞ்சர் குடியிருப்பின் சமையற்கட்டை ஒட்டி நாலைந்து படுத்திருப்பதைப் பார்த்து, தீனி போட்டு வளர்க்கிறார்கள் என்று நினைக்கவேண்டாம். மீன் வாசனைக்கு வந்து கிடப்பவை அவை.

ஜூலை, ஆகஸ்ட் இணைசேரும் காலம், பாதையோரம் குறைவாகத்தான் தென்படும். செப்டம்பர் வாக்கில் பெண் முட்டையிடும், சராசரியாக இருபது. மெகபோட் என்னும் காட்டுக்கோழி தன் முட்டைக்காகக் குவித்துவைத்த மண்மேட்டையே பல நேரம் பிடித்துக்கொள்ளும். அடுத்த சில மாதம் அந்த மேட்டின் பக்கம் படுத்திருக்கும் பெண்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. ரேஞ்சர் சுற்றி அழைத்துப் போனால் ஏன் என்று கேட்காமல் பின்னால் நடங்கள்.

குறைந்தது ஐந்து மீட்டர் இடைவெளி. ரேஞ்சர் கையில் இருப்பது நுனி கவட்டையாகப் பிளந்த நீளக் கம்பு, அவ்வளவே. கிட்டே வரும் உடும்பின் கழுத்தை அந்தக் கவட்டையில் தாங்கித் திசை திருப்புவார்கள், அடிக்கமாட்டார்கள். உடும்பிடம் நீங்கள் கவனிக்கவேண்டியவை:

நாக்கு மெதுவாக வெளியே வந்து போனால் சும்மா வாசனை பிடிக்கிறது. வீச்சு வேகமாகி, தலையும் ஒரு பக்கமாகத் திரும்பினால் ஏதோ கவர்ந்திருக்கிறது. காற்று அடிக்கும் திசை பார்த்து, உங்கள் பக்கமிருந்து அதன் பக்கம் அடித்தால் விலகுங்கள். சாதகமான காற்றில் பல கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும் பிணவாடையையே பிடிக்கும் மூக்கு அது. மூக்கு என்பதுகூடச் சரியில்லை. நாக்கின் இரண்டு கிளையும் வாயின் மேலண்ணத்தில் உள்ள ஜேக்கப்சன் உறுப்பில் வாசனையைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. எந்தக் கிளையில் அதிகம் என்பதை வைத்துத் திசை கண்டுபிடிக்கும்.

தொண்டை உப்பி, சீறல் கேட்டு, வால் வில்லைப் போல ஒரு பக்கம் வளைந்தால் அடுத்தது வால்வீச்சு. கால் எலும்பை முறிக்கும் வலு அதற்கு உண்டு. திரும்பி ஓடாதீர்கள். அதை முகம் பார்த்தபடியே பின்னோக்கி, ரேஞ்சர் இருக்கும் பக்கம் நகருங்கள். குறுகிய தூரத்துக்கு மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரும்.

ரத்தம் கசியும் காயம் இருந்தாலும், மாதவிடாய் நாட்களாக இருந்தாலும் நடை தொடங்கும் முன்னரே ரேஞ்சரிடம் சொல்லிவிடுங்கள். கூச்சப்படவேண்டிய விஷயமில்லை, அங்கே எல்லோரிடமும் கேட்பார்கள். சொன்னால் குழுவின் நடுவில் நடக்கவைத்துப் பக்கத்தில் ஒரு ரேஞ்சர் வருவார்.

2017இல் சிங்கப்பூரிலிருந்து போன ஒருவர் காலில் கடிபட்டார். இரை தின்றுகொண்டிருந்த உடும்புகளை மிகக் கிட்டத்தில் போய்ப் படமெடுத்ததுதான் நடந்த தவறு. தின்கிற உடும்புக்குப் பக்கத்தில் அசைவது எதுவும் இன்னொரு போட்டியாளன்.

கடி பற்றி இன்னும் பழைய கதைதான் சுற்றுகிறது. வாயில் அழுக்குக் கிருமி, அது இரையைச் சில நாளில் அழுகவைத்துக் கொல்கிறது என்பது. 2009இல் பிரையன் ஃபிரை குழுவினர் கீழ்த்தாடையில் நச்சுச் சுரப்பி இருப்பதைக் காட்டினார்கள். ரத்தம் உறையாமல் தடுத்து, ரத்த அழுத்தத்தைக் கீழே இறக்கும் நச்சு. கொல்வதில் நச்சின் பங்கு எவ்வளவு, கிழித்த காயத்தின் பங்கு எவ்வளவு என்று இன்னும் வாதம் நடக்கிறது. கிருமிக் கதை எப்படி வந்தது என்பதற்கு ஒரு நல்ல விளக்கம் உண்டு. எருமை அந்தத் தீவுகளுக்கு மனிதன் கொண்டுவந்த விலங்கு. கடிபட்ட எருமை தப்பி ஓடிச் சாணியும் சேறும் கலந்த குட்டையில் போய் நிற்கிறது, காயம் அங்கே சீழ்ப்பிடிக்கிறது. மான் அப்படி ஓடி நிற்காது. மானைக் கடித்த இடத்திலேயே முடித்துவிடும்.

தாடையின் கடிவிசை முதலையோடு ஒப்பிட்டால் அற்பம். கடித்துக்கொண்டு பின்னால் இழுக்கும், அறுபது ரம்பப் பற்களும் கத்தியாக வேலை செய்யும். பல்லின் நுனியும் ரம்ப விளிம்பும் ஆரஞ்சு நிறமாக இருப்பது இரும்புப் பூச்சு என்று 2024இல் கண்டுபிடித்தார்கள். நம் ஊர் உடும்பு பிடித்தால் விடாது. இது பிடித்துக்கொண்டு நிற்பதில்லை, கிழித்துவிட்டுப் போகும்.

மனிதருக்குக் கடிபட்டால் செய்யவேண்டியது: சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து அழுத்திக்கொண்டே இருங்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்காதீர்கள். ரத்தம் நனைத்தால் அதன்மேலேயே இன்னொரு துணி. வாயால் உறிஞ்சுவது, கத்தியால் கீறுவது கூடாது. இதற்கென்று விஷமுறிவு மருந்து கிடையாது. பூங்காவுக்குப் படகு கிளம்பும் ஊரான லபுவான் பாஜோவின் மருத்துவமனையில் சுத்தம் செய்து, தையல் போட்டு, கிருமிக்கொல்லி கொடுப்பார்கள்.

டைவ் அடிப்பவர்:

கடற்பீச்சியிடம் இத்தனை எச்சரிக்கை தேவையில்லை. கடிக்காது, கொட்டாது. ஆபத்து சுற்றுப்புறத்தில் இருக்கிறது. அதைப் பார்க்கிறேன் என்று பாறையில் கையூன்றுகிறவர்களின் உள்ளங்கைக்குக் கீழே தேள்மீன் இருக்கும், கல்மீன் இருக்கும். சுட்டுவிரலைக்கூட ஊன்றாதீர்கள். மிதப்பைச் சரிசெய்து, முழங்காலை மடக்கி, துடுப்பைப் பாறைக்கு மேலே தூக்கி வைத்து நில்லுங்கள். கொமோடோ நீரோட்டம் சில நிமிடத்தில் திசை மாறும். ஓட்டம் தணியும் நேரம் படகோட்டிக்குத் தெரியும், அவர் சொல்கிற நேரத்தில்தான் குதிக்கவேண்டும்.

கடற்பஞ்சிலிருந்து பிரித்தறிய ஒரு சோதனை. உள்ளங்கையால் தண்ணீரை அதன் பக்கம் மெல்லத் தள்ளுங்கள், தொடவேண்டாம். கடற்பஞ்சு அசையாது. கடற்பீச்சி சட்டென்று துளையைச் சுருக்கிக்கொள்ளும். பிறகு அரை நிமிடத்திலிருந்து மூன்று, நான்கு நிமிடத்தில் திரும்ப விரிக்கும். துளை இரண்டு இருக்கும். ஒன்று வாய், உச்சியில். இன்னொன்று கழிவுநீர் வெளியேறும் குழல், பக்கவாட்டில். வாய்க்குள் விளக்கடித்தால் உட்சுவர் முழுக்கச் சல்லடை மாதிரி நுண்துளைகள் தெரியும்.

அங்கே எல்லா ஆழத்திலும் கிடைப்பது பாலிகார்ப்பா அவுராட்டா. கைமுட்டி அளவு, வெள்ளை உடம்பில் ஊதாக் கோடுகள், துளைகளின் உள்விளிம்பு மஞ்சள் பொன் நிறம். முதல்முறை பார்ப்பவர்களுக்கு இறைச்சிக்கடையில் தொங்கும் இதயம் நினைவுக்கு வரும். ரோபலேயா நீலக் கண்ணாடிக் குமிழ்போல இருக்கும். கிளவெலினா நகத்தளவுதான், கூட்டமாக நிற்கும், உடம்பு முழுக்க ஒளி ஊடுருவும்.

இரண்டு துளை விதி ஏமாற்றுகிற இடம் ஒன்று உண்டு: டிடெம்னம் மோலே. வெள்ளைச் செம்பு கவிழாமல் நிற்பது போலிருக்கும், மேலே ஒரே பெரிய துளை, உள்ளே பச்சை. ஒரு துளைதான் இருக்கிறது, எனவே கடற்பஞ்சு என்று பலர் முடிவுகட்டிவிடுவார்கள். அது ஒரு குடியிருப்பு. மேல்துளை எல்லோருக்கும் பொதுவான கழிவுவாசல். செம்பின் வெளிச்சுவரில் குண்டூசிக் குத்துப்போலப் புள்ளி புள்ளியாகத் தெரிபவை ஒவ்வொன்றும் தனித்தனி விலங்கின் வாய். பச்சை நிறம் அதனுடையது அல்ல, உள்ளே குடியிருக்கும் புரோகுளோரான் என்ற நீலப்பச்சைப் பாக்டீரியாவுடையது. வெயிலைக்கொண்டு உணவு செய்து வீட்டுக்காரருக்கும் பங்கு தருகிறது.

அப்புறம் பலர் சொல்வது: கடற்பீச்சி சின்ன வயதில் நீந்தும், ஓர் இடத்தில் ஒட்டிக்கொண்டதும் தன் மூளையைத் தானே தின்றுவிடும். உடும்போடு ஒப்பிட இதைவிட நல்ல வேறுபாடு கிடையாது என்று நினைக்கிறேன்.

விலங்கியல் வாத்தியார்:

மூளையைத் தின்னும் கதை, நிரந்தர வேலை கிடைத்ததும் இனி மூளை எதற்கு என்று இருந்துவிடும் பேராசிரியரைக் கேலிசெய்ய வந்த நகைச்சுவை. பாதிதான் உண்மை. இளம்பருவத்தில் வாலுக்குள் இருக்கும் நரம்புவடம், கண்புள்ளி, சமநிலைக் கல் எல்லாம் கரைந்து உடலுக்குள் உறிஞ்சப்படுவது உண்மை. ஆனால் வளர்ந்த கடற்பீச்சிக்கும் மூளை உண்டு. இரண்டு துளைகளுக்கும் நடுவே ஒரு நரம்புமுடிச்சு இருக்கிறது. கையை அசைத்ததும் துளை மூடியதே, அதற்கான கட்டளை போனது அங்கிருந்துதான்.

இளம்பருவத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் சொந்தம் தெரிவது அங்கேதான். தவளைத் தலைப்பிரட்டையைப் போன்ற உருவம், ஒரு மில்லிமீட்டர் அளவு. வாலின் நடுவே முதுகுநாண் என்ற வளையும் தண்டு ஓடுகிறது. சியோனா என்ற இனத்தில் அந்த முதுகுநாண் சரியாக 40 செல்களால் ஆனது, ஒன்று கூடாது, குறையாது. அதற்கு மேலே குழல்வடிவ நரம்புவடம். முட்டைக்குள் வளரும் உடும்புக் கருவிலும் இதே அமைப்பு, இதே வரிசை. உடும்பில் முதுகுநாணைச் சுற்றி முள்ளெலும்புகள் உருவாகி அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. கடற்பீச்சியில் வாலோடு சேர்ந்து போய்விடுகிறது.

இளம் கடற்பீச்சி சாப்பிடுவதே இல்லை. பல இனங்களில் நீந்துவது சில மணி நேரம், மிஞ்சினால் ஓரிரு நாள். தலையின் முன்னால் உள்ள ஒட்டுறுப்புகளால் நிழலான பாறையில் தலைகீழாகப் பற்றும். வால் சுருங்கும், உள்ளுறுப்பெல்லாம் சுழன்று திரும்பும், வாய் மேல்நோக்கி வரும்.

இந்த வாலைக் கவனித்தவர் ருஷ்யாவின் அலெக்சாண்டர் கோவலெவ்ஸ்கி, 1866இல். அதுவரை சிப்பி, நத்தைக் கூட்டத்தோடு சேர்த்துவைத்திருந்தார்கள். 2006இலிருந்து வந்த மரபணு ஒப்பீடுகள் இன்னும் ஒரு படி மேலே போயின. முதுகெலும்பிகளுக்கு மிக நெருங்கிய உறவு, மீன் போலவே தோன்றும் ஆம்ஃபியாக்சஸ் இல்லை, இந்தக் கடற்பீச்சிதான்.

சரி, வளர்ந்த இரண்டையும் எதிரெதிரே வைத்தால் எங்கே ஒற்றுமை? தொண்டையில்.

கடற்பீச்சியின் உடம்பில் பெரும்பகுதி தொண்டைதான். அந்தச் சல்லடைக் கூடை, மீனுக்குச் செவுள் வரும் அதே தொண்டைச் சுவரின் துளைகள். நுண்மயிர்கள் அடித்து நீரை உள்ளே இழுக்க, சுவரில் படர்ந்த சளிவலையில் மிதவையுயிர்கள் ஒட்ட, வலை உருண்டு கயிறாகி வயிற்றுக்குப் போகிறது. சில சென்டிமீட்டர் நீளமுள்ள ஃபலூசியா என்ற கடற்பீச்சி ஒன்று 24 மணி நேரத்தில் 170 லிட்டருக்கு மேல் வடிகட்டுவதாக அளந்திருக்கிறார்கள். அந்தச் சளியைச் சுரக்கும் தொண்டைப் பள்ளத்துக்கு எண்டோஸ்டைல் என்று பெயர். அது கடல்நீரிலுள்ள அயோடினைச் சேர்க்கிறது. முதுகெலும்பிகளில் அந்தப் பள்ளம் மூடித் தைராய்டு சுரப்பி ஆனது. உடும்பின் கழுத்தடியிலும் இருக்கிறது, உங்கள் கழுத்திலும் இருக்கிறது. உடும்புக் கருவின் தொண்டையிலும் பைகள் தோன்றும், ஆனால் துளையாகத் திறந்து நிலைப்பதில்லை. தைமஸ் போன்ற சுரப்பிகளாக மாறிப்போகும்.

உடும்பு தன் தொண்டையை இன்னொரு விதத்தில் பம்பாக்கிக்கொண்டது. பொதுவாகப் பல்லி இனங்கள் ஓடும்போது சரியாக மூச்சுவிட முடியாது. உடம்பை இடவலமாக வளைக்கும் தசையும் விலாவை விரிக்கும் தசையும் ஒன்றே. ஆகவே கொஞ்சம் ஓடும், நிற்கும், மூச்சுவாங்கும், மறுபடி ஓடும். உடும்புகள் தொண்டையை உப்பவைத்துக் காற்றை நுரையீரலுக்குள் தள்ளுகின்றன, அதனால் நடந்துகொண்டே மூச்சுவிடும். 1999இல் உடும்புகளை ஓடுபட்டையில் நடக்கவைத்து இதைக் காட்டினார்கள். கொமோடோ நடந்துவரும்போது கழுத்தடித் தோல் உப்பி அடங்குவதைப் பாருங்கள். மேலே சொன்ன கோப உப்பல் வேறு. அது ஒரே மூச்சில் பெருத்து நிற்கும், சீறல் கூடவரும். நடைத் துடிப்பு சீராக வந்துகொண்டிருக்கும்.

இதயத்தைப் பொறுத்தவரை இரண்டும் இரண்டு திசை. உடும்புக்கு மூன்று அறை என்று பாடம் சொன்னாலும், கீழறை சுருங்கும்போது உள்மடிப்பு அதை இரண்டாகப் பிரித்துவிடுகிறது. உடம்புக்கு அதிக அழுத்தம், நுரையீரலுக்குக் குறைந்த அழுத்தம், கிட்டத்தட்டப் பாலூட்டி போல. கடற்பீச்சிக்கு இதயம் வெறும் குழாய், வால்வு கிடையாது. கொஞ்ச நேரம் ஒரு பக்கமாகத் துடிக்கும், நிற்கும், பிறகு எதிர்ப்பக்கமாகத் துடிக்கும். ரத்தம் வந்த வழியே திரும்பிப் போகும். ஏன் என்பதற்கு எல்லோரும் ஏற்ற விடை இல்லை.

தோல் விஷயத்தில் கடற்பீச்சிதான் விநோதம். அதன் மேலுறையில் செல்லுலோஸ் இருக்கிறது, பருத்தியிலும் மரத்திலும் உள்ள அதே பொருள். விலங்குகளில் இதைத் தானே தயாரிப்பது இந்தக் கூட்டம் மட்டும்தான், அதற்கான மரபணு பாக்டீரியாவிலிருந்து வந்தது. வளர்ந்த கொமோடோவின் தோலுக்குள் சிறுசிறு எலும்புகள் பின்னிய கவசம் இருக்கிறது. குஞ்சுகளுக்கு அது கிடையாது. தோல் வியாபாரிகள் மற்ற உடும்புகளைத் தேடிப்போனபோது இதை விட்டுவைத்ததற்கு அந்த எலும்பும் ஒரு காரணம் என்பார்கள்.

ஓட முடியாத கடற்பீச்சி ரசாயனத்தை நம்பியிருக்கிறது. சில இனங்கள் ரத்தச் செல்லில் வனேடியம் என்ற உலோகத்தைக் கடல்நீரில் உள்ளதைவிட ஒரு கோடி மடங்குவரை செறித்துவைக்கும். 1911இல் மார்ட்டின் ஹென்ட்சே நேப்பிள்ஸில் முதலில் கண்டது இது. சிலவற்றின் மேலுறையில் கந்தக அமிலம் நிறைந்த செல்கள் உண்டு. கரீபியக் கடற்பீச்சி ஒன்றிலிருந்து கிடைத்த டிராபெக்டிடின் இப்போது மென்திசுப் புற்றுக்கு மருந்து.

இனப்பெருக்கத்தில் கடற்பீச்சி ஆணும் பெண்ணும் ஒரே உடம்பில். கூட்டமாக வாழ்பவை மொட்டுவிட்டும் பெருகும். உடும்பு ஆண், பெண் தனித்தனி என்று நிம்மதியாக எழுதிவைத்திருந்தோம். 2006, 2007இல் இங்கிலாந்தின் லண்டன், செஸ்டர் விலங்குக் காட்சிச்சாலைகளில் ஆணோடு சேராத பெண் கொமோடோக்கள் இட்ட முட்டையிலிருந்து குஞ்சு வந்தது. குஞ்சுகள் எல்லாம் ஆண்தான். பெண்ணிடம் இரண்டு வகைப் பால்நிறப்புரி இருந்தும், இப்படி உருவாவதில் உயிர்பிழைப்பது ஆணாக அமையும் கரு மட்டுமே. ஆளில்லாத தீவுக்கு நீந்திப்போய்ச் சேர்ந்த ஒற்றைப் பெண், தான் பெற்ற மகனோடு சேர்ந்து ஒரு கூட்டத்தைத் தொடங்க இந்த ஏற்பாடு உதவும். மரபு வேறுபாடு குறைந்துபோவது அதன் விலை.

படம் எடுப்பவர்:

கடற்பீச்சிக்கு மேக்ரோ லென்ஸ், இரண்டு விளக்கு. பதினைந்து மீட்டரில் விளக்கில்லாமல் எடுத்தால் பொன்விளிம்பு சாம்பலாக வரும். மூச்சுக்குமிழி சத்தம், உங்கள் நிழல், துடுப்பு கிளப்பும் மணல், மூன்றுமே துளையை மூடவைக்கும். ஓட்டத்துக்கு எதிராக, கீழிருந்து மேலாக நெருங்குங்கள். குவியத்தைத் துளையின் விளிம்பில் வையுங்கள். உடம்பில் வைத்தால் படம் உருளைக்கிழங்கு. கிளவெலினாவுக்கு ஒரு விளக்கைப் பின்னால் பிடித்தால் உள்ளே கூடை முழுக்கத் தெரியும்.

பக்கத்தில் நெம்ப்ரோத்தா என்ற ஓடில்லாக் கடல்நத்தை தென்பட்டால் காமிராவை அதன்மேல் திருப்பிக் காத்திருங்கள். கறுப்பும் பச்சையுமான அந்த நத்தைக்குக் கடற்பீச்சிதான் உணவு. தலையை உள்ளே நுழைத்து மணிக்கணக்கில் தின்னும், கடற்பீச்சியின் நஞ்சைத் தன் பாதுகாப்புக்கு எடுத்துக்கொள்ளும். கொமோடோ மானைத் தின்னும் காட்சிக்கு ஏங்குகிறவர்கள் இதைப் பார்த்துத் திருப்திப்படலாம். ஐந்து மீட்டர் தள்ளி நிற்கவும் வேண்டாம்.

உடும்புக்கு 200 மில்லிமீட்டருக்குக் குறையாத லென்ஸ். மனிதனுக்குப் பின்னால் உடும்பு பூதமாக நிற்கும் படங்கள் கைப்பேசியைத் தரையோடு வைத்து எடுக்கும் வித்தை. ரேஞ்சர்களே எடுத்துத் தருவார்கள். அளவு தெரிய அதை நம்பாதீர்கள்.

தரை வழி தெரிந்தவர்:

உடும்பு கிடைக்காத நாளில் அதன் எச்சம் தேடுங்கள். பாதையில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகக் காய்ந்து கிடக்கும். எலும்பையும் சேர்த்து விழுங்குவதால் அந்த நிறம். கொம்பு, மயிர், பல் மட்டும் சளி பூசிய உருண்டையாக வாய்வழியே வெளிவரும். அந்த நாற்றம் அதற்கே பிடிக்காது, முகத்தை மண்ணிலும் புல்லிலும் தேய்த்துத் துடைக்கும்.

மரத்தையும் அண்ணாந்து பாருங்கள். குஞ்சுகள் முதல் சில வருடம் மேலேதான். கீழே வந்தால் பெரியவை தின்றுவிடும்.

வாத்தியார் சொந்தம் பற்றிச் சொன்னதில் ஒன்று சேர்க்கவேண்டும். கொமோடோ கிராமத்து மக்களிடம் ஒரு பழங்கதை உண்டு. ஒரு தாய்க்கு இரட்டைக் குழந்தை, ஒன்று மனிதன், ஒன்று ஓரா. அதனால் ஓராவை உடன்பிறப்பாக நினைப்பவர்கள் அவர்கள். 1980இல் பூங்கா வந்தபோதும், 1991இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோதும், பாதுகாப்பு என்ற சொல் அந்த ஊருக்குப் புதிதாக இருந்திருக்காது. 2021இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என். ஓராவை 'அழியும் நிலையில்' உள்ள இனமாக மாற்றியது. கடல்மட்டம் உயர்ந்தால் அது வாழும் தாழ்வான பள்ளத்தாக்குகள் குறையும் என்பது ஒரு காரணம்.

கொழும்புக்காரர்:

கொமோடோவுக்குப் போகக் காசில்லாதவை எங்கட ஊருக்கு வாங்கோ. கொழும்பு வாய்க்கால்களிலயும் பேரை ஏரிக் கரையிலயும் கபரகொய்யா பகலிலேயே நீந்தும். அது வரானஸ் சால்வேட்டர், நீர் உடும்பு, இரண்டு மீட்டர் வளரும். தலகொய்யா எண்டு சொல்லுறது வேறை, அது தமிழ்நாட்டில இருக்கிற அதே சாதாரண உடும்பு. பிரிச்சுப் பாக்க மூக்குத்துளை பாருங்கோ. கபரகொய்யாவுக்கு மூக்குத்துளை வாயின்ர நுனிக்குக் கிட்ட. தலகொய்யாவுக்கு அது கண்ணுக்கும் நுனிக்கும் இடையில, சாய்ஞ்ச கீறல் மாதிரி. கபரகொய்யாவின்ர முதுகில மஞ்சள் வட்டங்கள், வால் பக்கவாட்டில தட்டை. கிட்டப்போனா முதல் தண்ணிக்குள்ள பாயும். பாய வழியில்லாமல் மதில் மூலையில மறிச்சால்தான் வாலால அடிக்கும். வழி விட்டு நில்லுங்கோ, போயிடும்.

தொண்டை உப்புறதும் இதில வடிவாத் தெரியும். கரையேறி நடக்கேக்க பாருங்கோ.

தூத்துக்குடிப் பக்கம்:

கடற்பீச்சிக்கும் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. பி.எஸ்சி. விலங்கியல் படித்தவர்களுக்கு ஹெர்ட்மானியா நினைவிருக்கும். பாடத்தில் வரும் அதே விலங்கு மன்னார் வளைகுடாவில் இருக்கிறது. இங்கிலாந்தின் ஹெர்ட்மன் நினைவாக வைத்த பெயர் அது. கடலாராய்ச்சிக்குப் போன சேலஞ்சர் கப்பல் சேகரித்த கடற்பீச்சிகளை விவரித்தவர் அவர். 1902இல் முத்துச்சிப்பிப் பார்களை ஆராய இலங்கைக்கு வந்து இதே வளைகுடாவில் வேலை செய்தார்.

கடலில் இறங்காமலேயே பார்க்கலாம். துறைமுகத் தூண், நெடுநாள் நின்ற படகின் அடிப்புறம், மிதவைக் கயிறு, மீன்கூண்டு வலை ஆகிய இடங்களில் தேடுங்கள். வெளிச்சம் நேரே படாத அடிப்பக்கம்தான் அதிகம். ஹெர்ட்மானியா பார்க்க அழுக்கு உருளைக்கிழங்கு, மேலே மற்ற உயிர்களும் பாசியும் ஒட்டி அடையாளம் மறைந்திருக்கும். இரண்டு சிவந்த துளைதான் காட்டிக்கொடுக்கும். ஃபலூசியா நைக்ரா கறுப்பு வெல்வெட் மாதிரி. கூண்டில் மீன் வளர்ப்பவர்களுக்கு இவை பெரிய தொல்லை. வலைக்கண்ணை அடைத்து நீரோட்டத்தை நிறுத்திவிடும், கூண்டின் எடையும் கூடும். வலையை மாற்றி வெயிலில் நன்றாகக் காயவைத்தால் உதிர்ந்துவிடும். கத்தியால் சுரண்டித் துண்டுகளைக் கடலிலேயே போடுவது தப்பு. கூட்டமாக வாழும் இனங்கள் துண்டிலிருந்தும் மறுபடி வளரும்.

பவளப்பாறையில் ஒட்டியிருப்பதை எடுக்கக் கூடாது, மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்காத் தீவுகளில் இறங்கவும் அனுமதி இல்லை. கயிற்றிலும் படகிலும் இருப்பதே போதும். ஒரு வாளியில் கடல்நீர் எடுத்து, நிழலில் வைத்து, கயிற்றோடு அப்படியே போடுங்கள். பத்து நிமிடத்தில் துளைகள் விரியும். உணவுக்குப் போடும் நிறத்தை ஒரு சொட்டுக் கடல்நீரில் கரைத்து வாய்த்துளைக்கு அருகில் பிப்பெட்டால் விட்டால், நிறம் ஒரு துளையில் உள்ளே போய் மறு துளையில் வெளிவருவது தெரியும். அரை மணி நேரத்துக்கு மேல் வைக்கவேண்டாம், வாளி நீர் சூடாகிவிடும். கயிற்றை எடுத்த இடத்திலேயே திரும்பக் கட்டிவிடுங்கள்.

கயிற்றைத் தண்ணீரிலிருந்து தூக்கும்போது மட்டும் முகத்தைக் குனியாதீர்கள். உடம்பிலுள்ள நீர் மொத்தத்தையும் ஒரே பீச்சாக அடிக்கும், பெரும்பாலும் கண்ணைப் பார்த்து.